ஐந்தாம் அத்தியாயம்: நேரில் கேட்டதைக் காணொளியில் சொல்லுதல்

நெல்லைச் சீமையில் தொழில் செய்யும் சிறு வியாபாரி ஒருவர், பத்தமடையில் கோரைப்பாய் விற்பவராயினும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுவிப்பவராயினும், ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவராயினும், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் அல்வாக் கடை நடத்துபவராயினும், அவருக்கு இரண்டு வகையான வாடிக்கையாளர் உண்டு. ஒருவர், கடைவாசலில் வந்து நின்று, பொருளைத் தொட்டும் முகர்ந்தும் வாயில் இட்டும் பார்த்து, விற்பவரின் முகத்தையும் ஒருமுறை ஏறிட்டு நோக்கிய பின்னர்ப் பணத்தை எடுப்பவர். மற்றவர், சென்னையிலோ மும்பையிலோ துபாயிலோ இருந்துகொண்டு, பொருளையும் காணாமல் விற்பவரையும் காணாமல், யாரோ ஒருவர் சொன்ன சொல்லை நம்பிப் பணம் அனுப்ப வேண்டியவர். முன்னவருக்கு ஐம்புலன்களும் சாட்சி. பின்னவருக்கோ சாட்சி சொல்ல ஒருவருமில்லை. அந்தச் சாட்சியை அவருக்கு எவ்விதம் அளிப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இப்போது பல கடைகளில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. மனிதர்களைச் சந்தித்துப் பேசும் காரியத்தை வீட்டுப் பெரியவர் வைத்துக்கொள்கிறார். காணொளி எடுத்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றும் காரியம் கல்லூரி முடித்த பிள்ளையிடம் ஒப்படைக்கப்படுகிறது. தந்தை யாரைக் கண்டார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை எதைக் காட்டினான், அதைக் கண்டு யார் எழுதினார்கள் என்பது தந்தைக்குத் தெரியாது. இதன் பலனாக, சந்திப்பில் கிடைத்த அறிவு காணொளிக்குப் போய்ச் சேருவதில்லை; காணொளியில் கிடைத்த மனிதர்கள் கடைக்கு வந்து சேருவதுமில்லை. நாம் இங்கே கூறும் முறை இவ்விரண்டையும் ஒரே வேலையாகக் கொள்வது. நேரில் கேட்ட கேள்விக்குக் காணொளியில் விடை சொல்லுதல், காணொளியைக் கண்டு வந்தவரை நேரில் காணுதல், அவர் கேட்கும் புதிய கேள்வியை மீண்டும் குறித்துக்கொள்ளுதல் என்ற வரிசையில் இது நடக்கும்.

"இருட்டுக்கடை என்ற அல்வாக் கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாதே, மாலை நேரத்தில் மட்டும் திறக்கும் அந்தக் கடையில் வரிசை நின்று வாங்குகிறார்களே, அவர்கள் எந்தக் காணொளி எடுத்தார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது என்பதையும், தலைமுறை தலைமுறையாகச் சுவாமி தரிசனத்துக்கு வந்தவர்கள் அந்தப் பொட்டலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கோயில் வாசலில் கடை வாய்க்காதவரும், தம் காலத்திலேயே பிழைக்க வேண்டியவருமான மற்றவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பங்கு விற்ற ஒரு வரலாறு

முகம் காட்டிப் பேசுவதையும் தூரத்தவருக்குச் செய்தி பரப்புவதையும் இணைத்து நடத்திய ஒரு பெரும் முயற்சி இந்தச் சீமையிலேயே நூறாண்டுகளுக்கு முன் நடந்திருக்கிறது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி தூத்துக்குடியில் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஓட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் நடத்திவந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை கம்பெனியை முன்னின்று நடத்தினார். கொழும்புக்குக் கப்பல் விடப்போகிறோம் என்று சொன்னவரிடம் அப்போது சொந்தக் கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. காட்டுவதற்குப் பொருளே இல்லாத ஒரு வியாபாரத்துக்குப் பணம் கேட்க வேண்டிய நிலைமை அது.

அவர் செய்தது என்ன? ஊர் ஊராகப் போனார். வியாபாரிகளின் கடைகளிலும் வீடுகளிலும் உட்கார்ந்து பேசினார். கூட்டங்களில் நின்று, கேட்டவர்களுக்கு விடை சொன்னார். கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய் வரையில் பிரயாணம் செய்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார் என்றால், அந்த நம்பிக்கை அச்சிட்ட விளம்பரத்தைப் பார்த்து உண்டானதன்று. அதே சமயத்தில், அவர் கால்படாத ஊர்களுக்கும் செய்தி போய்ச் சேரும்படி, பாரதியார் ஆசிரியப் பொறுப்பில் இருந்த 'இந்தியா' போன்ற பத்திரிகைகள் கம்பெனியைப் பற்றி எழுதிவந்தன. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்து சேர்ந்தன. நேரில் போனவர் பெற்ற நம்பிக்கையைப் பத்திரிகை தூரத்துக்கு எடுத்துச் சென்றது. பத்திரிகை படித்தவருக்கு ஐயம் எழுந்தபோது கேட்பதற்கு ஒரு மனிதர் இருந்தார். இன்று காணொளி நிற்பது அன்று பத்திரிகை நின்ற இடத்தில்.

இந்த வரலாற்றின் முடிவிலும் ஒரு பாடம் உண்டு. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிச்செல்லவும் முன்வந்தனர். அரசாங்கமோ 1908 மார்ச்சு 12-ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறையும் கட்டணப் போட்டியுமே வீழ்ச்சிக்குப் பிரதான காரணங்கள் என்பதில் சந்தேகமில்லை. எனினும், பங்குதாரர்களின் விசுவாசம் பெரும்பாலும் ஒரே மனிதரைப் பற்றி நின்றதால், அவர் சிறைக்குள் போனபின் அந்த இடத்தை நிரப்ப ஒருவர் இல்லாமற்போனதையும் கவனிக்க வேண்டும். ஆகையால், உங்கள் வாடிக்கையாளர் உங்களை மட்டும் அறிந்திருப்பது போதாது. அடுப்படியில் நிற்கும் மேஸ்திரியையும், பார்சல் கட்டுபவரையும், கணக்கு எழுதும் மகளையும் சந்திப்பிலும் காணொளியிலும் அறிமுகம் செய்து வையுங்கள்.

யாரை, எப்போது காண்பது

முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். அதில் மூன்று வகையினர் இருக்கட்டும்: உங்கள் சரக்கை வாங்கி விற்கக்கூடிய கடைக்காரர்கள்; பலருக்கு உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள், அதாவது சமையற்காரர்கள், கல்யாண மண்டப நிர்வாகிகள், லாரி சர்வீஸ் வைத்திருப்பவர்கள், தரகர்கள்; உங்களோடு போட்டியிடாமல் உங்கள் வாடிக்கையாளருக்கே வேறு பொருள் விற்பவர்கள். நண்பர்களையும் உறவினர்களையும் காட்டிலும், எப்போதாவது சந்திக்கும் அறிமுகஸ்தர்கள் வழியாகவே புதிய வாய்ப்புச் செய்திகள் மிகுதியாக வருகின்றன என்று மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கியிருக்கிறார். காரணம் எளியது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். ஆதலால் பட்டியலில் இரண்டாவது வகையினரைச் சுருக்கிவிடாதீர்கள்.

அடுத்தது காலம். மேலப்பாளையம் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பக்கத்துக் கடைக்காரரிடம் சாவகாசமாகப் பேச முடியாது. ஆனித் தேரோட்டத்தின்போது டவுனுக்குள் வியாபாரம் பேசப் போவதும் வீண். கார், பிசானம் என்ற நெற்போகங்கள் அறுவடையாகிப் பணம் புழங்கும் வேளையில் கிராமத்து மளிகைக் கடைக்காரர் புதிய சரக்கை எடுத்துப் பார்க்க மனம் கொள்வார். நடவுச் செலவில் ஊரே கையைக் கட்டிக்கொண்டிருக்கும் வேளையில், நல்ல சரக்கையும் "பொறவு பாப்பம்" என்றுதான் சொல்வார். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் அப்பளக்காரரும், முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் பாய்க்காரரும் தம் சுற்றுப்பயணத்தை முடித்திருக்க வேண்டும். கடையில் கூட்டம் குறையும் முற்பகல் பதினொரு மணிக்குமேல் போவது பொதுவாக உசிதம். போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

சந்திப்பில் நடந்துகொள்ளும் முறை

கையில் மூன்றே பொருள்கள் போதும்: சரக்கின் மாதிரி, விலைப்பட்டியல், ஒரு சிறு நோட்டு. மாதிரியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பொருளைப் புரட்டிப் பார்ப்பவரின் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வியே அந்தச் சந்திப்பின் முழுப் பயன். நாம் முந்திக்கொண்டு பெருமை பேசினால் அந்தக் கேள்வி பிறக்காமலே போய்விடும். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர் ஒருவர் கோவில்பட்டிக் கடைக்காரர் ஒருவரைக் காணப் போயிருப்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்.

"வாங்க அண்ணாச்சி, இருங்க. காப்பி சொல்லட்டா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. முதல்ல சரக்கப் பாருங்க."

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா போன மழைக்கு ஒருத்தர்ட்ட வாங்கினேன். பத்து நாள்ல நமுத்துப் போச்சி. ஆளுங்க திருப்பிக் கொண்டாந்து மேசையில போட்டாங்க. ஒங்களுது எப்படி?"

இந்த இடத்தில், "எங்களுது அப்படி ஆகவே ஆகாது" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதனால் பிரயோஜனமில்லை, ஏனெனில் அவருக்கு முன்னால் விற்றவரும் அதையேதான் சொல்லியிருப்பார். "ஒங்க கடையில எந்த இடத்துல வச்சிருந்தீங்க அண்ணாச்சி? பாக்கெட்டப் பிரிச்சு சில்லறையா வித்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டால், சிக்கல் அப்பளத்திலா, உறையிலா, வைத்திருந்த இடத்திலா என்பது தெரியவரும். "இந்த அஞ்சு கட்ட வச்சிப் பாருங்க; நமுத்தா எனக்குத் திருப்பி அனுப்புங்க, காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். வாசலைத் தாண்டியதும் அவர் கேட்ட கேள்வியை, அவர் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். மொத்த விலை என்பது இருவருக்கு மட்டும் உரியது என்ற நியாயம் அதில் அடங்கியிருக்கிறது. ஒரு கடைக்காரருக்குக் கொடுத்த விலையை மற்றவரிடம் சொல்வதும், மொத்த விலையைக் காணொளியில் கூறிவிடுவதும், உங்களை நம்பிச் சரக்கு எடுத்தவரை அவருடைய வாடிக்கையாளர் முன்னிலையில் அவமானப்படுத்துவதற்குச் சமானம்.

கேள்வி ஏடு

நோட்டில் சேர்ந்த கேள்விகளை வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு பெரிய ஏட்டில் எடுத்தெழுதுங்கள். ஒரே கேள்வி மூன்று நான்கு பேரிடமிருந்து வந்திருந்தால், கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு குறியாக அதன் எதிரே போடுங்கள். குறி மிகுந்த கேள்விதான் உங்கள் அடுத்த காணொளி. என்ன எடுப்பது என்று தெரியாமல் ஊரில் எல்லோரும் எடுப்பதையே எடுத்து அலுத்துப்போகும் நிலைமை இந்த ஏடு உள்ளவருக்கு வராது.

பத்தமடைப் பாய் விற்பவரிடம் வெளியூர்க்காரர் அநேகமாகக் கேட்கும் கேள்வி, "ஒரு பாய் சில நூறு ரூபாய், இன்னொரு பாய் பல ஆயிரம் ரூபாய், பார்வைக்கு இரண்டும் பாய்தானே, ஏன் இந்த வித்தியாசம்?" என்பதாகும். இதற்கு வாயால் விடை சொல்லி முடியாது. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காய வைப்பதையும், சாதாரணப் பாய்க்கு அதைப் பெருவெட்டாகக் கிழிப்பதையும், பட்டுப்பாய்க்கு ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊற வைத்து இழை இழையாகப் பிளப்பதையும், அந்த இழைகளைத் தறியில் ஒன்றொன்றாகச் செலுத்தி ஒரு நாளில் எவ்வளவு நீளம் நெய்ய முடிகிறது என்பதையும் அடுத்தடுத்துக் காட்டினால், விலையின் காரணம் தானே விளங்கிவிடும். அல்வாக் கடைக்காரரை, "எத்தனை நாள் தாங்கும்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா? வைத்து எடுத்தால் எப்படிச் சூடாக்குவது?" என்று கேட்பார்கள். கருப்பட்டி விற்பவரை, "சீனி கலந்ததா, கலக்காததா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பார்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு காணொளி.

காணொளி எடுக்கும் முறை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்தின் விலை சரிந்து, அதே ஆண்டில் யு.பி.ஐ. வழியே பணம் அனுப்புவதும் தொடங்கியதிலிருந்து, கிராமத்துத் தொழிலைக் காட்டும் காணொளிக்குப் பார்வையாளர் கிடைப்பது கஷ்டமில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைக் காட்டியே, 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரை அடைந்த முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆயிற்று. அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, தம் ஊரையும் தம் பேச்சையும் மாற்றிக்கொள்ளாமல் காட்டிய துணிவு. கோடி என்ற எண் அன்று. அவர்களுக்குக் காணொளியே தொழில். உங்களுக்குத் தொழில் வேறு; நாற்பது நல்ல கடைக்காரர்கள் பார்த்தாலே உங்கள் ஆண்டு வியாபாரம் நடந்துவிடும்.

செல்போன் ஒன்று, அதை ஆடாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், சட்டைக் காலரில் மாட்டும் சிறு மைக் ஒன்று, இவை போதும். இவற்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் மைக்கை வாங்குங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், கேட்காத பேச்சைப் பொறுப்பதில்லை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெறுந்தரையும் உயர்ந்த சுவரும் உள்ள பழைய வீட்டு அறைகளில் குரல் எதிரொலிக்கும். தரையில் ஜமுக்காளமோ பாயோ விரித்தால் எதிரொலி அடங்கும். வெளிச்சத்துக்கு, காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை நான்கு மணிக்குமேல், ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கும்படி உட்காருங்கள். முதுகுப்புறம் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். யூடியூபில் ஏற்றும் விளக்கப்படத்துக்குப் போனைப் படுக்கை வாட்டிலும், ரீல்ஸுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் நெட்டு வாட்டிலும் பிடித்து எடுக்க வேண்டும்.

ஒரு காணொளியில் ஒரே கேள்வி. "மழைக்காலத்துல அப்பளம் நமுக்காம எப்படி வைக்கணும்னு கோவில்பட்டியில ஒரு அண்ணாச்சி கேட்டாங்க" என்று கேள்வியோடே ஆரம்பியுங்கள். வணக்கமும் கடையின் வரலாறும் பின்னால் வரட்டும். விடையைக் கையால் செய்துகாட்டுங்கள். பேச்சு அதற்குத் துணையாக இருந்தால் போதும். நமுத்த அப்பளத்தையும் நன்றாக இருக்கும் அப்பளத்தையும் அருகருகே பொரித்துக் காட்டுங்கள். உங்கள் சரக்குக்கு ஒரு குறை உண்டென்றால், அதாவது பட்டுப்பாயை இப்படி மடித்தால் இழை முறியும் என்பது போன்றதை, நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். குறையை ஒளிக்காதவர் என்ற பெயர், தூரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய சாட்சிகளில் மிக வலியது. வீட்டில் பேசும் நெல்லைத் தமிழிலேயே பேசுங்கள். செய்தி வாசிப்பவரைப் போல் பேச முயன்றால் உங்கள் சொந்த வாடிக்கையாளரே உங்களை அடையாளம் காணமாட்டார். தமிழ் வாசிக்கப் பழகாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும், செங்கோட்டைக்கு அப்பால் புனலூர், கொல்லம் பக்கத்து வாடிக்கையாளருக்காக மலையாளத்திலும் எழுத்துவரி சேர்ப்பது நல்ல பலன் தரும். விடை முடிந்ததும் காணொளி முடியட்டும். கடைசியில் கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவை எழுத்தில் சில விநாடிகள் நிற்கட்டும்.

செய்யத் தகாதவை

நெசவு செய்யும் பெண்களில் பலர் தம் முகம் ஊரெங்கும் பரவுவதை விரும்பார். அவர்களுடைய அனுமதியின்றி முகத்தை எடுக்காதீர்கள், அனுமதி இல்லையென்றால் கைகளை மட்டும் எடுங்கள். ஆற்றங்கரையில் கோரையைக் காட்டும்போது குளிப்பவர்கள் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால், பதிப்புரிமை உடையவர் ஆட்சேபித்து உங்கள் காணொளியையே நிறுத்திவிட முடியும்.

உணவுப் பொருளை மருந்தாக்கிப் பேசும் ஆசையை அடக்க வேண்டும். கருப்பட்டி நீரிழிவைக் குணப்படுத்தும் என்பது போன்ற பேச்சு, பொய் என்பதோடு, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயச் சிகிச்சைகள் சட்டத்தின்படி குற்றமுமாகலாம். உணவு விற்பவர் தம் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பாக்கெட்டில் காட்ட வேண்டும்; காணொளியிலும் அதைக் காட்டுவது நம்பிக்கைக்கு உதவும். பத்தமடைப் பாய், உடன்குடிக் கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. வேறிடத்துச் சரக்குக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, சட்டத்துக்கு மட்டுமன்றி, அண்டை வீட்டுத் தொழிலாளிக்கும் செய்யும் துரோகம். பிரபலமான ஒருவருக்குப் பணமோ பொருளோ கொடுத்து உங்கள் கடையைப் பற்றிப் பேசச் சொன்னால், அது விளம்பரம் என்பதைப் பார்வையாளருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகள் கூறுகின்றன.

கண்டு வந்தவரைக் காணல்

காணொளியைப் பார்த்து ஒருவர் எழுதினால், அன்றே விடை எழுதுங்கள். விலையைச் சொல்வதற்கு முன்னால், எந்த ஊர், எதற்காக, எப்போது வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். பெரிய ஆர்டராகத் தோன்றினால், அனுப்பவிருக்கும் அதே சரக்கை எடுத்து வைத்து, அவருடைய பெயரைச் சொல்லி, அரை நிமிஷம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊருக்கெல்லாம் பேசிய காணொளி அவரை வாசல் வரையில் அழைத்து வந்தது. உள்ளே அழைத்து உட்கார வைப்பது இந்த அரை நிமிஷம்தான்.

பிறகு, விசாரித்தவர்களை ஊர்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். சென்னையில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டால், நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பிரயாணம் செய்து, இரண்டு நாளில் எல்லோரையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நாகர்கோவில் திசையிலும் கொல்லம் திசையிலும் போவதற்கும் இதே முறைதான்.

இந்தச் சந்திப்பில் ஒரு விசேஷம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. உங்களைப் பல காணொளிகளில் பார்த்தவருக்கு நீங்கள் நெடுநாள் பழக்கமானவர். உங்களுக்கோ அவர் முற்றிலும் புதியவர். அவர் அன்போடு பேசுவதைக் கண்டு, உறவு ஏற்பட்டுவிட்டது என்று நாம் எண்ணிவிடக்கூடாது. ஏற்பட்டிருப்பது பாதி உறவு. உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தால்தான் அது முழுமையாகும். ஆகையால் அங்கே நீங்கள் பேசுவதைக் குறைத்து, அவருடைய கடை எந்த மாதத்தில் ஓடும், யார் வாங்குவார்கள், எந்தச் சரக்கில் அவர் நஷ்டப்பட்டார் என்பவற்றைக் கேட்டறியுங்கள். அவர் குடும்பத்தில் நல்லது கெட்டது நடந்தால், விசாரித்து ஒரு வார்த்தை பேசுங்கள். அந்த வேளையில் சரக்கைப் பற்றிப் பேசாதீர்கள். சரக்கில் புகார் வந்தால் அதற்கு எழுத்தில் விடை சொல்லாமல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பக்கத்து ஊரானால் நேரிலேயே போய்விடுங்கள்.

தொழில் செய்பவர் ஒன்றுகூடுதல்

1905 பிப்ரவரியில் சிகாகோ நகரத்து வக்கீல் பால் ஹாரிஸ், வெவ்வேறு தொழில் செய்த மூன்று பேரோடு கூடிப் பேசத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒருவர் அலுவலகத்தில் என்று முறைவைத்துச் சந்தித்ததனால் அந்தச் சங்கத்துக்கு ரோட்டரி என்ற பெயர் வந்தது. நம் நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே, தென்பாண்டி நாட்டு நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை மகமை என்று ஒதுக்கி, அந்தப் பொது நிதியைக் கொண்டு பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் ஏற்படுத்தினர். ஒருவரை ஒருவர் நம்பிப் பணம் சேர்த்த அந்தப் பழக்கம் உள்ள சமூகத்திலிருந்துதான், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்து, பிற்காலத்தில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று.

இதைப் பின்பற்றி, அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையில் ஆற்றோரத்து ஊர்களில் வெவ்வேறு தொழில் செய்யும் ஐந்தாறு பேர், மாதம் ஒருமுறை ஒருவர் தொழிற்கூடத்தில் கூடலாம். நல்ல மைக்கும் விளக்கும் பொதுவில் வாங்கிக்கொள்ளலாம். அப்பளக்காரரை அல்வாக்காரர் பேட்டி காணலாம், பாய்க்காரரைக் கருப்பட்டிக்காரர் பேட்டி காணலாம். வெளியூர் போகிறவர் மற்றவர்களின் மாதிரியையும் எடுத்துப் போனால், ஒரு பிரயாணச் செலவில் ஐந்து பேருக்கு வேலை நடக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: தாம் வாங்கிப் பார்த்துத் திருப்தியடையாத சரக்கை ஒருவரும் சிபாரிசு செய்யக்கூடாது. சரக்கு கெட்டால், முதலில் கெடுவது சிபாரிசு செய்தவரின் பெயர்.

கணக்கு

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைத் தினமும் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் காலவிரயம். ஒரு காணொளியைப் பத்தாயிரம் பேர் பார்த்தார்கள், முப்பது பேர் விசாரித்தார்கள், ஆறு பேர் வாங்கினார்கள், அவர்களில் இரண்டு பேர் மறுபடியும் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வியாபாரத்துக்கு முக்கியமான எண் அந்த இரண்டு. முதல் ஆர்டர் காணொளியின் பலன். இரண்டாவது ஆர்டர் சரக்கின் பலனும் உறவின் பலனும் ஆகும். ஏட்டில் ஒவ்வொருவருக்கும் ஆறு கட்டங்கள் போடுங்கள்: பெயரும் ஊரும், யார் மூலம் அல்லது எந்தக் காணொளி மூலம் வந்தார், கேட்ட கேள்வி, நேரில் கண்ட நாள், முதல் ஆர்டர், இரண்டாவது ஆர்டர். ஐந்தாவது கட்டம் நிரம்பி ஆறாவது காலியாக இருப்பவர்களை மாதக் கடைசியில் கூப்பிட்டு, சரக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள், விற்கப் பேசாதீர்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் கேள்வி ஏட்டுக்குப் போகட்டும். அந்த ஏட்டில் மனிதர்களின் எண்களும் வீட்டு விவரங்களும் இருப்பதால், அதைப் பிறருக்குக் கொடுப்பதோ விற்பதோ கூடாது.

இம்மாதம் செய்ய வேண்டியவை

முதல் வாரத்தில் மூன்று வகையினர் பட்டியலை எழுதி, அவர்களில் ஐந்து பேரை மாதிரியோடு போய்க் காணுங்கள். இரண்டாவது வாரத்தில் அவர்கள் கேட்டவற்றை ஏட்டில் ஏற்றி, குறி மிகுந்த ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய காணொளியை எடுங்கள். ஊருக்கு வெளியிடுவதற்கு முன்னால், கேள்வி கேட்டவருக்கே முதலில் அனுப்பி, அவருக்குத் திருப்தியா என்று கேளுங்கள். மூன்றாவது வாரத்தில் அதை வெளியிட்டு, வரும் விசாரணைகளுக்கு அன்றன்றே விடை எழுதுங்கள். நான்காவது வாரத்தில், விசாரித்தவர்களில் பக்கத்து ஊர்க்காரர் இருவரை நேரில் போய்ப் பாருங்கள். வெளியிடுவதற்கு முன் அனுப்பிய காணொளியைப் பார்த்து, கேள்வி கேட்டவர் "இன்னும் புரியல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டால், அதை வெளியிடாமல் நிறுத்திவைத்து, மறுபடியும் எடுங்கள். அவருக்குத் தெளியாதது தூரத்தவருக்குத் தெளியப் போவதில்லை.